கோழி மேல் பழி போடாதீர்கள்



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் அந்த வீடியோ வந்தது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம், அதனால்தான் கறி பஞ்சு மாதிரி இருக்கிறதாம், பெண் பிள்ளைகள் சீக்கிரமே வயசுக்கு வருகிறார்களாம். கீழே வரிசையாகக் கும்பிடு. அதில் மூன்று பேர் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள்! மார்க் போட்ட கையை நொந்துகொண்டேன்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசி என்றால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐயாயிரம் கோழி நிற்கிற பல்லடத்துக் கொட்டகையில் யார் பிடித்துப் போடுவது? அங்கே கொடுப்பது வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து, பெரும்பாலும் கண்ணில் சொட்டாக, இல்லையென்றால் குடிதண்ணீரில்.

பிறகு ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ம் நாளில் பழைய வகை 900 கிராம் சொச்சம், புதிய வகை 4 கிலோவுக்கு மேல். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அது. அதற்கேற்ற மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கொடுக்கிறார்கள். குஞ்சுக்குப் புரதம் 22 சதவீதம் அளவில் இருக்கும், வளர வளரக் குறைப்பார்கள். தசை நார்களின் எண்ணிக்கை முட்டைக்குள்ளேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். தீவனம் அவற்றைத் தடிமனாக்குகிறது.

கறி மெத்தென்று இருப்பதற்குக் காரணம் வயசு. தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் இழைகள் வயசாக ஆக ஒன்றோடொன்று பின்னி இறுகும். மேய்ந்து திரிகிற நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோ வர மாதக்கணக்காகும். அதற்குள் இறுகிவிடும், குக்கரில் ஏழெட்டு விசில் கேட்கும். பிராய்லர் ஆறு வாரக் குஞ்சு. நம்பாதவர்கள் கழித்துவிட்ட முட்டைக்கோழி வாங்கிச் சமையுங்கள். அதுவும் கூண்டில் நின்று கலப்புத் தீவனம் தின்றதுதான். பல்லை உடைக்கும்!

பிராய்லருக்கு நான் வக்கீல் இல்லை. ருசிக்கு என் ஓட்டு நாட்டுக்கோழிக்குத்தான். அதிவேகமாக வளர்வதால் சில கோழிகளின் நெஞ்சுக்கறி கட்டை போல் இறுகுவதும் உண்டு. கோபப்பட வேண்டுமென்றால் ஆன்டிபயாட்டிக்குக்காகக் கோபப்படுங்கள். மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழி வளர்ச்சிக்குத் தீவனத்தில் கலந்தார்கள். 2019-ல்தான் இந்திய அரசு தடை செய்தது. அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் எனக்கு வந்ததில்லை.

ஐரோப்பாவில் பெண்கள் வயசுக்கு வரும் வயது 19-ம் நூற்றாண்டிலிருந்தே குறைந்து வந்தது. அப்போது பிராய்லர் ஏது? ஊட்டம் கூடினால் அப்படி ஆகும்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? நம் சொந்தத்தில் ஒரு பிள்ளை வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் தட்டில் கோழி இல்லை, முட்டையும் இல்லை. அவள் அண்ணனுக்கு மட்டும் வாரா வாரம் லெக் பீஸ். போன மாதம் அவளுக்கு ஹீமோகுளோபின் 9. எந்த வீடு என்று எழுத மாட்டேன், படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே அனுப்புங்கள். குழம்பு நானே வைக்கிறேன். ஆட்சேபனை உள்ளவர்கள் அந்த வீடியோவை அனுப்பாமல் எனக்குப் போன் செய்யவும்.