மூன்று நாள் தராசு

ஆரணியில் பட்டுப் புடவை தேர்வோர் கடைக் கூட்டத்தைக் கண்டு விலை பேசுவதில்லை. பாவையும் ஊடையையும் சரிகையையும் தொட்டுப் பார்த்தே மதிப்பிடுவர். திரைப்படத்துக்கு மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூலே தராசாகிவிட்டது. இது முறையன்று என்பதே நம் கருத்து.

முதல் மூன்று நாள் கூட்டம் விளம்பரத்தின் வெற்றி. அதன் பின்னரும் வருகின்ற கூட்டமே படத்தின் வெற்றி. 2003 பொங்கலுக்கு வெளிவந்த 'அன்பே சிவம்' வசூலில் தோற்றது. இன்றோ தலைமுறை கடந்து போற்றப்படுகிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரின் துயரைக் காட்டிய பிரியதர்சனின் 'காஞ்சிவரம்', 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்னும் தேசிய விருதைப் பெற்றது. பட்டு நெய்தும் தன் மகளுக்கு ஒரு பட்டுப் புடவை தர இயலாது தவிக்கும் அந்தத் தந்தையின் கண்ணீரை எந்த வசூல் கணக்கு அளக்கும்?

மாறாக, 2024இல் பெரும் பொருட்செலவில் வந்த 'இந்தியன் 2', 'கங்குவா' ஆகிய படங்கள் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதன்பின், திரையரங்க வளாகத்தில் இரசிகர் கருத்தைப் பதிவு செய்வதைத் தடுக்க வேண்டுமெனத் தயாரிப்பாளர் தரப்பு கோரியது. கண்ணாடியை மறைத்தால் முகம் திருந்துமா? எனினும், படத்தைக் காணாமலே அதன் தோல்வியை எள்ளி நகையாடுவதும் பிழையே. அதில் பல நூறு தொழிலாளரின் உழைப்பு உள்ளது.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டுமென்பது திருமறை நமக்குக் கற்பித்த நெறி. கலையை நிறுக்கும்போதும் அந்நெறி பொருந்தும். மாணவச் செல்வங்களே! வசூலைக் கேட்குமுன் படத்தைக் காண்போம். நன்றெனில் நால்வர்க்கு உரைப்போம். அன்றெனில் காரணம் காட்டி மறுப்போம்.