பின்சீட்டில் இருப்பவரும் மிதிக்கட்டும்



நோயாளிகளுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். ஒரே நிறப் பனியன் போட்ட, உடம்பில் தெம்புள்ளவர்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். யாருக்காக மிதித்தார்களோ அவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்காக நடக்கும் பயணங்களில் இந்த வழக்கம் மாறியிருக்கிறது. அங்கே நோயாளியும் சைக்கிளில் ஏறுகிறார். அது எப்படி நேர்ந்தது என்பதை இந்த ஏப்ரலில் உங்களோடு பேச வேண்டும் என்று நினைத்தேன். ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் தினம். 1817-ல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதிவைத்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்தநாள்.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம், பார்க்கும் இடமெல்லாம் மக்காச்சோளக்காடு. 1973-ல் தொடங்கி, கோடைக்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காகச் சைக்கிளில் கடக்கிறார்கள். ராக்பிரை என்று அதற்குப் பெயர். மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துக் கிளம்புவதும், ஒரு வாரம் கழித்து மிசிசிப்பி ஆற்றில் முன்சக்கரத்தை நனைத்து முடிப்பதும் மரபு. 2003-ல் அந்தக் கூட்டத்தில், இருவர் சேர்ந்து மிதிக்கும் டேன்டம் சைக்கிள் ஒன்று போனது. முன்சீட்டில் ஜே ஆல்பர்ட்ஸ் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர். பின்சீட்டில் பார்க்கின்சன் நோய் கண்டிருந்த அவருடைய தோழி. இந்த நோய் வந்தவர்களாலும் இப்படியெல்லாம் முடியும் என்று போகிற வழியெங்கும் காட்ட வேண்டும். அவர்கள் புறப்பட்ட நோக்கம் அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை எதுவும் அவர்கள் திட்டத்தில் இல்லை.

டேன்டம் சைக்கிளில் முன்பெடலும் பின்பெடலும் சங்கிலியால் பிணைக்கப்பட்டவை. முன்னால் இருப்பவரின் கால் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, பின்னால் இருப்பவரின் காலும் அத்தனை சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும். ஆல்பர்ட்ஸ் வேகமாக மிதித்துப் பழகியவர். தோழி தனியாக ஓட்டியிருந்தால் அந்த வேகத்தை எட்டியிருக்கவே மாட்டார். அவரும் சும்மா காலை வைத்துக்கொண்டிருக்கவில்லை, தன் பங்குக்கு மிதித்தார். ஆனால் அவர் உடம்பு தானாகத் தேர்ந்துகொள்ளும் வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில், நாள் முழுக்க மிதித்தார்.

வழியில் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை எழுத வேண்டியிருந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் பலருக்குக் கையெழுத்து சுருங்கிக்கொண்டே போகும். வரியின் ஆரம்பத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகளவாகி, பிறகு வெறும் கோடாகிவிடும். அன்று அந்த அம்மையார் எழுதிய எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது. மிதித்தவை கால்கள்; தேறியிருந்ததோ கை. ஆல்பர்ட்ஸை யோசிக்க வைத்தது இதுதான். கால் தசை வலுவானதால் கையெழுத்து திருந்த வழியில்லை. அப்படியென்றால் மூளைக்குள்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

அதை அவர் ஆராய்ந்து பார்த்தார். பத்து நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, எட்டு வாரம் மிதிக்க வைத்தார்கள். ஒரு குழு தன் விருப்பப்படி மிதித்தது. மற்றக் குழு, நிலையாகப் பொருத்திய டேன்டமில் பயிற்சியாளரோடு சேர்ந்து, தன் இயல்பான வேகத்தைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாக மிதித்தது. 2009-ல் முடிவு வெளியானது. வேகமாக மிதித்தவர்களின் உடலியக்கக் குறைபாடுகள் மருத்துவ அளவீட்டில் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தன. தன் விருப்பப்படி மிதித்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. பத்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். 2019-ல் நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், ஆறு மாதம் வீட்டிலேயே நிலைச் சைக்கிள் மிதித்தவர்களைவிட, வெறும் நீட்டுப் பயிற்சி செய்தவர்களின் நிலைமை கூடுதலாக மோசமாகியிருந்தது. நோய் குணமாகிவிடுவதில்லை, மாத்திரையை நிறுத்தவும் முடியாது. டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய் இது. ஆனால் வருடம் போகப் போக ஏதாவது ஒன்றை இழந்துகொண்டிருப்பவருக்கு, ஆறு மாதம் பெரிதாக எதையும் இழக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்படி ஒருவர் இருக்கும் வீட்டாருக்குத் தெரியும்.

அதே நெதர்லாந்தில், 2010-ல் மருத்துவ உலகமே வியந்து பார்த்த ஒரு வீடியோ வெளியானது. பத்து வருடமாக நோய் கண்ட 58 வயதுக்காரர். நாலு அடி எடுத்து வைப்பதற்குள் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாய, விழுந்துவிடுவார். அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால் தடுமாற்றமே இல்லாமல் ஓட்டி, வளைத்துத் திருப்பிக்கொண்டு வருகிறார். இறங்கி நின்றதும் கால் மறுபடி உறைந்துபோகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டேவிஸ் ஃபின்னியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் வெண்கலம் வென்றவர். டூர் டி ஃபிரான்ஸில் இரண்டு கட்டங்களை ஜெயித்தவர். நாற்பதாவது வயதில், 2000-ல், அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. 2004-ல் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். என்றோ வரப்போகும் மருந்துக்குக் காத்திருக்கும் காலத்தில், இன்றைய பொழுதை நோயாளி நன்றாக வாழ வேண்டும் என்பது அதன் கொள்கை. சைக்கிள் பயணங்களில் திரளும் நன்கொடையும் அங்கே போகிறது. நோயாளிகளுக்கான விரிவான கையேட்டை இலவசமாகத் தருகிறார்கள். ஆல்பர்ட்ஸின் அயோவா பயணத்திலிருந்து முளைத்த 'பெடலிங் ஃபார் பார்க்கின்சன்ஸ்' அமைப்போ, ஒய்.எம்.சி.ஏ. போன்ற இடங்களில் நோயாளிகளுக்கே நிலைச் சைக்கிள் வகுப்புகள் நடத்துகிறது. நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று என்பது அங்கே இலக்கு.

ஃபின்னியின் மகன் டெய்லரும் பந்தய வீரர். 2013 மார்ச்சில் இத்தாலியில் கொட்டும் மழையில், செங்குத்தான ஏற்றங்கள் நிறைந்த ஒரு பந்தயக் கட்டம். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, அவர் மட்டும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தனியாக ஓட்டி வந்து சேர்ந்தார். நேரக் கெடு தாண்டிவிட்டதால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். வழியெல்லாம் அப்பாவை நினைத்துக்கொண்டே ஓட்டியதாகவும், நல்ல உடம்போடு இப்படி ஒரு நாள் கஷ்டப்படக் கிடைத்தால் அப்பா மறுபேச்சின்றி ஏறிக்கொள்வார் என்று தோன்றியதாகவும் பிறகு சொன்னார்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ பாட்டியோ இந்த நோயோடு இருந்தால், அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது நிலைச் சைக்கிள் பயிற்சி செய்யலாமா என்று தயவுசெய்து கேளுங்கள். இதயத்தின் நிலை, விழுந்துவிடும் அபாயம், மாத்திரை நேரம் எல்லாவற்றையும் பார்த்து அவரும் பிசியோதெரபிஸ்ட்டும் வேகத்தைச் சொல்லட்டும். தெருவில் தனியாகச் சைக்கிள் ஓட்ட அனுப்பிவிடாதீர்கள். சைக்கிள் குழு வைத்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த நிதிப் பயணத்துக்கு ஒரு டேன்டம் ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவர் அனுமதித்த ஒருவரைப் பின்சீட்டில் ஏற்றி, ஒரு கிலோமீட்டராவது அவரோடு சேர்ந்து மிதியுங்கள். அப்படி ஒரு பயணம் நடந்தால் எங்களுக்கு எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்