எல்லை தாண்டும் ரயில். எல்லையில் நிற்கும் நிதி

புது தில்லி: மாநில எல்லையைக் கடந்து அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கான விரைவு ரயிலை இயக்குவதில், தண்டவாளம் அமைப்பதை விடச் செலவைப் பங்கிடுவதே கடினம் என்பதை தில்லி - மீரட் தடத்தின் வரலாறு உணர்த்துகிறது.

இத்திட்டத்தின் வேர் லோதி ரோட்டில் உள்ளது. அங்குள்ள இந்தியா ஹேபிடட் சென்டர் வளாகத்தில் இயங்கும் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரத் துறை அமைச்சர் இதன் தலைவர். தில்லி, ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதல்வர்கள் உறுப்பினர்கள். தலைநகரை அண்டை நகரங்களுடன் இணைக்க எட்டு விரைவு ரயில் தடங்களை வாரியம் அடையாளம் கண்டது. மீரட், ஆல்வார், பானிபட் ஆகிய மூன்றுக்கு முன்னுரிமை தரப்பட்டது. முதலில் செயல்வடிவம் பெற்றது மீரட் தடமே.

இதற்காக 2013-இல் தனிப் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். நான்கு மாநிலங்களுக்கும் தலா 12.5 சதவீதம். சுமார் 82 கி.மீ. நீளமுள்ள மீரட் தடத்துக்கு, ரூ.30,274 கோடி மதிப்பீட்டில் 2019-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தடத்தில் தில்லிக்குள் வருவது சுமார் 14 கி.மீ. மட்டுமே; எஞ்சியது உத்தரப் பிரதேசத்தில்.

சிக்கல் எழுந்ததும் இங்கேதான். தில்லி அரசு தனது பங்கைச் செலுத்தவில்லை என்ற விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூன்று ஆண்டுகளில் விளம்பரத்துக்கு சுமார் ரூ.1,100 கோடி செலவிட முடிந்தபோது ரயிலுக்குப் பணம் இல்லையா என்று நீதிமன்றம் கேட்டது. ரூ.415 கோடியை ஒரு வாரத்தில் செலுத்தாவிட்டால் விளம்பர நிதியே திட்டத்துக்கு மாற்றப்படும் என 2023 நவம்பரில் எச்சரித்தது. அதற்கு முந்தைய மாதமே சாஹிபாபாத் - துஹாய் இடையே 17 கி.மீ. தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதி முழுவதும் உத்தரப் பிரதேச மண்ணில் இருந்தது கவனிக்கத்தக்கது. தில்லியின் நியூ அசோக் நகரை ரயில் எட்டியது 2025 ஜனவரியில்தான்.

முதல்வர்களை ஒரே மேஜையில் அமர்த்தச் சட்டம் உண்டு. பங்குத் தொகையை உரிய காலத்தில் பெற்றுத் தரும் வலு அந்த அமைப்புக்கு இல்லை. அந்தப் பணியை நீதிமன்றம் செய்ய நேர்ந்தது.

தமிழகத்துக்கு இதில் பாடம் உண்டு. சென்னையிலிருந்து ஆந்திரத்தின் சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் நெடுங்காலமாகச் செல்கிறது. அது மத்திய அரசின் ரயில்வே என்பதால் எல்லை ஒரு பொருட்டாக இல்லை. மாநிலங்கள் பங்கேற்கும் மெட்ரோவின் நிலை வேறு. ஒசூர் - பொம்மசந்திரா இணைப்பில் மின்சாரமே முதல் தடையாக நிற்கிறது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்குகிறது. பெங்களூரு மெட்ரோவோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில்.

சென்னை - விழுப்புரம், கோவை - சேலம் விரைவுத் தடங்கள் தமிழக எல்லைக்குள்ளேயே அடங்குபவை. அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் ஒசூருக்கு, தில்லியில் உள்ளது போன்ற வாரியம்கூட இல்லை. செலவை யார் ஏற்பது, நஷ்டத்தை யார் சுமப்பது, தவறினால் யார் கேட்பது என்பவற்றை இரு மாநிலங்களும் முன்னதாகவே எழுத்தில் உறுதி செய்யாவிட்டால், அந்தத் தடமும் நீதிமன்றப் படியேற நேரிடும்.