இட்லிக்கு ஜெனரல் ஷிஃப்ட்

என் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று சிப்பிப்பாறை. பெயர் ராக்கெட். தென் மாவட்டங்களில் முயல் விரட்டுவதற்கென்றே பழக்கிய ஜாதி. ஒட்டிய வயிறும் எண்ணக்கூடிய விலா எலும்புமாக இருப்பதால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என் தொப்பையைப் பார்ப்பார்கள். 'அதோட சாப்பாட்டையும் நீயே சாப்பிடறியா?' என்கிற பார்வை. இன்னொன்று மணி. ஒரகடத்தில் எங்கள் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் குட்டியாகக் கிடைத்தது. ஜாதி தெரியாது. பரோட்டா பிடிக்கும்.

போன தையில் எனக்குக் கல்யாணம். பெண் காஞ்சிபுரம். ஆடிக்குப் பிறந்தகம் போனவள், ஆவணியில் ஸ்ரீபெரும்புதூர் திரும்பியபோது கையில் ஒரு ஒயர் கூடை. ஏதோ பட்சணம் என்று அம்மா ஆசையாகத் துணியை விலக்கினாள். உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு தலை எட்டிப் பார்த்து, "மியாவ்" என்றது.

"இதோட பேரு இட்லி, அத்தை."

காஞ்சிபுரத்துக்காரி வெள்ளைப் பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பாள்?

"ரெண்டு நாய் இருக்கிற வீட்டுல இட்லியைக் கொண்டாந்து வெச்சா என்னம்மா ஆகும்?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி.

நான் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. எதையும் சட்டென்று முடித்துக் காட்டுகிறவன் என்று எனக்கே ஒரு நினைப்பு. "ஒரு நிமிஷம் நேருக்கு நேர் அறிமுகம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று இட்லியைத் தூக்கிக்கொண்டு போய் ராக்கெட்டின் மூக்குக்கு எதிரே நீட்டினேன்.

மூன்றே செகண்ட், ஸார். ராக்கெட் பாய்ந்தது. இட்லி என் கை வழியாகத் தோள், தோள் வழியாகத் தலை, தலையிலிருந்து ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜிலிருந்து பரண் என்று போய்விட்டது. என் கையில் முழங்கை வரை நாலு சிவப்புக் கோடு. ராக்கெட்டின் பல்லில் கொஞ்சம் வெள்ளை முடி. இன்னும் அரை அங்குலம் தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் பிடிக்கவில்லை.

மனைவி கத்தவில்லை. முதலில் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணைப் பார்த்தபடி நின்றாள். ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பூனை இறங்கியது.

"நாளைக்கு இதை எங்கம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்" என்றாள்.

"நீ எப்ப திரும்பி வருவே?"

பதில் இல்லை. கையில் இருந்த நாலு கோட்டைவிட அதுதான் எரிந்தது.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநாய்க்கடி ஊசி. பூனை பிறாண்டினாலும் போட வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழங்கதை. இப்போது கையில்தான். முதல் நாள், 3, 7, 28. முடிந்தது.

அங்கிருந்து நேராக, எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கால்நடை டாக்டரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு நேரத்துல சிநேகமாகும்னு நெனைச்சே?"

"ஒரு நிமிஷம், ஸார்."

"சைப்ரஸ் தீவுல 9,500 வருஷத்துக்கு முந்தின குழி ஒண்ணுல மனுஷனுக்குப் பக்கத்துலயே பூனையைப் புதைச்சிருந்ததைக் கண்டுபிடிச்சு, 2004-ல வெளியிட்டாங்க. நாய் அதுக்கும் முன்னாடியே நம்மகூட வந்தாச்சு. இத்தனை காலம் ஒரே மனுஷன்கிட்ட இருந்தும் ரெண்டுக்கும் பாஷை ஒத்துவரலை. நாய் வாலை ஆட்டினா பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை விசிறி விசிறி அடிச்சா, 'கிட்டே வராதே'ன்னு அர்த்தம். உனக்கு ஒரு நிமிஷம் போதுமா?"

ஒரு பழைய பிரிஸ்கிரிப்ஷன் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினார். பூனைக்குத் தனி அறை. அதிலேயே தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமாக ஓர் இடம். குறைந்தது ஒரு வாரம் முகத்தையே காட்டக் கூடாது. ஒரு துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி நாயின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட வேண்டும். நாய் படுத்த துணியைப் பூனைக்கு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நாய்க்குச் சாப்பாடு, அந்தப் பக்கம் பூனைக்கு. 'அந்த வாசனை வந்தால் சோறு வரும்' என்று இரண்டுக்கும் பதிய வேண்டும். அப்புறம் இடத்தை மாற்றிவிட வேண்டும்: நாய்கள் வெளியே போகிற நேரம் பூனை வீட்டைச் சுற்றிப் பார்க்கும்.

"முக்கியமா, ஒரு தடவைகூடத் துரத்த விடாதே. துரத்தி ருசி கண்டா அது விளையாட்டாயிடும். அதுவும் உன்னுது சிப்பிப்பாறை."

இடத்தை மாற்றுவதா? ஒரகடத்தில் பத்து வருஷமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்! அன்று ராத்திரியே ஷிஃப்ட் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஏ ஷிஃப்ட் நாய்கள், பி ஷிஃப்ட் பூனை, நைட் ஷிஃப்ட் அவரவர் இடத்தில். ஷிஃப்ட் மாறும்போது கதவைச் சாத்துகிற பொறுப்பு அம்மாவுக்கு. ஒரே புகார் மணி மீதுதான்: சந்து கிடைத்தபோதெல்லாம் பூனைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் வந்து படுத்துக்கொள்ளும். அம்மா அதற்குப் பதிலாகப் பூனைக்குத் தயிர் சாதம் வைத்துப் பார்த்தாள். டாக்டர் போனில் சத்தம் போட்டார். டாரின் என்கிற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகுமாம்.

பத்தாவது நாள் கதவை எடுத்துவிட்டுக் கம்பித் தடுப்பு. ராக்கெட் கழுத்தில் சங்கிலி. அது பூனையை முறைக்காமல் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு சிக்கன். உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் பார்த்தால் அன்றைய ஷிஃப்ட் கேன்சல். முதல் நாள் நாலு துண்டு, ஒரு வாரம் கழித்து நாற்பது.

இதற்கு நடுவில் ஒரு நாள், டாக்டர் எழுதிய தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "புதுசா வர்றதுக்குன்னு தனியா ஓர் இடம் வேணும். மத்தவங்க வாசனை அதுல இருக்கக் கூடாது. எடுத்தவுடனே எல்லார்கூடவும் ஒட்டணும்னு எதிர்பார்க்கக் கூடாது..."

"ம்" என்றாள் அம்மா. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த மறுநாள்தான் பார்த்தேன். பீரோவின் மேல் இரண்டு தட்டும் காலி. அம்மாவின் முப்பது வருஷத்துப் புடவைகள் கட்டில் மேல் மலையாகக் கிடந்தன.

"இதையெல்லாம் பரண்ல ஏத்துடா. பூனைக்கு ரூம் போட்டுக் குடுத்தே, அட்டைப்பெட்டி வெச்சே. அந்தப் பொண்ணு ஏழு மாசமா துணியைக் கட்டிலுக்கு அடியில சூட்கேஸ்லயே வெச்சிருக்கு. நீயும் பார்க்கலை, நானும் பார்க்கலை."

தினம் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். தரக் கட்டுப்பாட்டுக்காரன்!

மனைவி ஒன்றும் பேசவில்லை. சூட்கேஸை இழுத்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். கடைசிப் புடவை வைக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாம்.

இப்போது மூன்று மாதம். ராக்கெட்டும் இட்லியும் உயிர்த் தோழர்கள் என்று எழுதினால் பொய். ஒரே ஹாலில், நாலடி தூரத்தில், ஒன்றையொன்று பார்க்காத மாதிரி படுத்திருக்கின்றன. நிர்வாகமும் யூனியனும் மாதிரி. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இன்றைக்கும் தனி அறைதான். முயல் ரத்தத்தை நம்ப முடியாது. மணி மட்டும் கட்சி மாறிவிட்டது. பூனையின் பக்கத்தில் போய்ப் படுக்கிறது. பாசமா, சாப்பாட்டுத் தட்டுக்குக் கிட்டேயா என்று தெரியவில்லை.

பீரோவைத் திறந்து வைத்தால் மட்டும் இட்லி ஒரே தாவில் மேல் தட்டுக்குப் போய்ப் பட்டுப்புடவை மேல் சுருண்டுகொள்கிறது. மனைவி விரட்டப் போனால், "இருந்துட்டுப் போகட்டும் விடும்மா" என்கிறாள் அம்மா.

என் சட்டைகளா? அவை கட்டிலுக்கு அடியில், சூட்கேஸில் இருக்கின்றன.