எதை அழிக்கட்டும் என்று கேட்பதற்கு முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. சண்டைப் பதிவும்கூட. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கொஞ்ச நாளாக எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கிறது. "சார், பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டோம், நல்லா ஓடுது. ஆனா புதுசா ஒண்ணு இன்ஸ்டால் பண்ணப்போனா இடம் இல்லன்னு சொல்லுது. எதை அழிக்கட்டும்?" காரணம் உங்களுக்குத் தெரியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கருவிகளில் ஆளாளுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று போடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நல்ல கருவி குப்பைக்குப் போகாமல் தப்பிக்கிறது.

ஆனால் "எதை அழிக்கட்டும்" என்ற அந்தக் கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. என்னிடம் பிளஸ் டூ பிசிக்ஸ் படித்தவர்கள் ஒருவர்கூட அப்படிக் கேட்கக் கூடாது. ஸ்குரூ கேஜைக் கையில் கொடுத்ததும் கம்பியை வைத்துத் திருகினவர்களை நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கும். முதலில் ஜீரோ எரர் பார், பிறகு அளவெடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எங்கே நிரம்பியிருக்கிறது, எவ்வளவு, எதனால் என்று பார்க்காமல் அழிக்கக் கிளம்புவதும் அதே அவசரம்தான். ஒரு வித்தியாசம், லேபில் தப்பு செய்தால் மார்க் போகும். இங்கே தாத்தாவின் போட்டோ போகும்.

அப்படிப் போனதைச் சொல்கிறேன். முத்தியால்பேட்டையில் எனக்கு உறவு முறையில் ஒரு வீடு. சொல்தா குடும்பம். பிரான்சில் இருக்கும் மாமா பையன் அனுப்பிய பழைய லேப்டாப் ஒன்று அவர்களிடம் இருந்தது. ஊரில் ஒரு கடையில் கொடுத்து, விண்டோஸை அப்படியே வைத்துப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட்டு வாங்கினார்கள். லினக்ஸுக்குக் கடைக்காரர் ஒதுக்கியது 25 ஜிபி. மீதி முழுக்க விண்டோஸ் பக்கம். அந்த வீட்டுப் பெண் எம்.எஸ்சி. படிக்கிறாள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுத லேடெக் வேண்டும். யாரோ "டெக்ஸ்லைவ் ஃபுல்" போடு, எல்லாம் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம்தான் வரும். பிரித்து வைத்தால் 5 ஜிபிக்கு மேல் பிடிக்கும் மூட்டை அது. இவளுக்குத் தேவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆப்ட் ஒழுங்காகத்தான் கேட்டது. இதைப் போட்டால் வட்டில் இன்னும் இத்தனை இடம் பிடிக்கும், தொடரலாமா, ஆமாம் அல்லது இல்லை என்று. இவள் 'ஒய்' தட்டினாள். நாம் எல்லோரும் தட்டுவது போலத்தான். பாதி வழியில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றது. கடைக்குப் போன் போட்டாள். "போட்டோ, வீடியோ எல்லாம் அழிச்சிடும்மா, இடம் வந்துடும்" என்றார்கள். விண்டோஸ் பக்கம் இருந்த பெரிய ஃபோல்டரை அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். அதில்தான் அவள் தாத்தாவின் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் புத்தகம், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். மூலக் காகிதங்கள் 2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கூழாகிவிட்டன. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காகிதங்களின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, அழித்தாளே, இடம் வந்ததா? ஒரு பைட்கூட வரவில்லை!

ஏன் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே. ஒரு வட்டுக்குள் பல அறைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு. 2011-இல் தமிழ்நாட்டு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நினைவிருக்கிறதா? விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். அதில் விண்டோஸும் இருக்கும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். ஒரே வட்டு, இரண்டு குடித்தனம். ஆக இது நம் பக்கத்துக்குப் புதிய ஏற்பாடே அல்ல. புதிய மென்பொருள் போய் உட்காருவது லினக்ஸின் ரூட் என்ற அறையில். அவள் காலி செய்தது விண்டோஸ் அறையை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் வண்டி நிறுத்த இடமில்லை என்றால், கடற்கரைச் சாலையில் நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வீர்களா?

இதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் ஐந்து வினாடி. டெர்மினலைத் திறந்து டிஎஃப், ஒரு இடைவெளி, மைனஸ், எச். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.) பிரான்சிலிருந்து வந்த லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கட்டைகள் பிரெஞ்சு வரிசையில் இருக்கும், கடைக்காரர் அமெரிக்க வரிசை என்று அமைத்திருப்பார். டி, எஃப், எச் நல்லவேளை இடம் மாறவில்லை. மைனஸுக்குப் பூஜ்யத்தை அடுத்து, அடைப்புக்குறி அச்சிட்ட கட்டையை அழுத்த வேண்டும்.

வரும் பட்டியலில் கடைசிப் பத்தியைப் பாருங்கள், அதுதான் அறையின் பெயர். வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால் அதுதான் ரூட். அதற்கு நேரே எத்தனை சதவீதம் என்று இருக்கும். அவள் கருவியில் நான் பார்த்தபோது ரூட் 100, விண்டோஸ் அறை 40-க்கும் கீழே. இதைப் பார்த்த யாராவது போட்டோவில் கை வைப்பார்களா?

டிஎஃப், டியூ என்ற இந்த இரண்டு கட்டளைகளும் நேற்று வந்தவை அல்ல. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் வட்டு என்பது அவ்வளவு அரிதான பொருள். எவ்வளவு மிச்சம் என்று ஒன்று சொல்லும், யார் எவ்வளவு தின்றிருக்கிறார்கள் என்று இன்னொன்று சொல்லும். நாம்தான் அவற்றைக் கேட்பதில்லை.

எந்த அறை என்று தெரிந்த பிறகு டியூவைக் கூப்பிடுங்கள். அதே அறைக்குள் மட்டும் பார் என்பதற்கு மைனஸ் எக்ஸ் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டுக் கணக்கையும் சேர்த்துக் கூட்டிவிடும். அந்தப் பெண்ணின் ரூட்டை நிரப்பியிருந்தது என்ன தெரியுமா? டைம்ஷிஃப்ட். மின்ட் போட்டதும் வரவேற்புத் திரையே அதை அமைக்கச் சொல்லும். நல்ல ஏற்பாடு, அமைப்பைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் படங்களையும் அதே 25 ஜிபிக்குள் வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? பீரோவின் நகல் பீரோவை அதே பீரோவுக்குள் வைப்பதுதான். அடுத்தது ஆப்ட் இறக்கி வைத்த பொதிகள், நிறுவியாகிவிட்டது, இனி வேலையில்லை. 'சுடோ ஆப்ட் கிளீன்' என்றால் போய்விடும். அடுத்தது பழைய கெர்னல்கள், 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கவனித்துக்கொள்ளும். பூட் என்று தனி அறை வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அந்தச் சின்ன அறை பழைய கெர்னல்களால் நிரம்பினால் அடுத்த அப்டேட் பாதியில் நிற்கும். பிறகு ஜர்னல் பதிவுகள். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் வேக்யூம் சைஸ் 200 எம் என்று கொடுத்தால் பழசைக் கழித்துவிட்டு அந்த அளவுக்குள் வந்துவிடும்.

கவனியுங்கள். இதில் ஒன்றுகூட மனிதர் உருவாக்கியதில்லை. எல்லாம் இயந்திரம் தனக்காகச் சேர்த்துக்கொண்டது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, திரும்பக் கிடைக்காத ஒரே பொருளை முதலில் அழிக்கச் சொல்கிறார்கள். என் சண்டை இதோடுதான்.

கடைக்காரரை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு அவர் எத்தனை நேரம் உட்கார்ந்து பார்ப்பார்? ஆனால் அடுத்த வாக்கியமாக "இல்லன்னா ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று சொல்லும்போது, "உள்ளே என்ன இருக்கு, காப்பி எடுத்தாச்சா" என்று கேட்க ஐந்நூறு ரூபாய் தேவையில்லை.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. பெங்களூருவிலும் பாரிசிலும் நல்ல வேலையில் இருக்கும் என் மாணவர்கள். "சார், ஸ்டோரேஜ் இப்ப சீப். ஒரு டெராபைட் எஸ்எஸ்டி வாங்கிப் போடச் சொல்லுங்க, இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடம்?" டேய், உனக்கு சீப். ஸ்காலர்ஷிப்பில் படிக்கும் பெண்ணுக்கு அது ஒரு செமஸ்டர் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு. அது கிடக்கட்டும். பணம் இருக்கிறவர்கள் கதையைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 29-இல் ஜப்பானில் டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றன. ஹேக்கர் வேலையோ என்று உலகமே பேசியது. அந்த நிறுவனமே பிறகு காரணம் சொன்னது. 27-ஆம் தேதி பராமரிப்பின்போது தரவுகளை அழித்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள், வட்டில் இடம் போதாமல் பாகங்கள் ஆர்டர் செய்யும் அமைப்பு நின்றுவிட்டது. மாற்று சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் கைகொடுக்கவில்லை. பெரிய கொள்ளளவுள்ள சர்வருக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. இடத்தை ஒழுங்குபடுத்தப்போன வேலையிலேயே இடம் போதாமல் போயிருக்கிறது. டொயோட்டாவுக்கு எஸ்எஸ்டி வாங்கக் காசில்லையா?

நியாயமான ஒரு எதிர்க்கேள்வியும் வந்தது, அதை மறைக்கமாட்டேன். "இதையெல்லாம் யூசர் ஏன் சார் பார்க்கணும், சாஃப்ட்வேர் பார்க்கணும்" என்று ஒருத்தி எழுதினாள். உண்மை. நீங்களே அதை எழுதுகிறவர்கள்தானே, எழுதுங்கள். நிறுவும் நிரலைத் தொடங்குமுன் போய்ச் சேரும் அறையில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எதையும் தொடாமல் நிற்க வைப்பது பெரிய வித்தையா? பாதி பிரித்துப் பாதியில் விட்டுப்போவதால்தான் சின்னப் பிரச்சனை பெரிதாகிறது. நீங்கள் அதை எழுதி முடிக்கும் வரைக்கும் ஐந்து வினாடி செலவழித்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

டிஎஃப் சொல்வதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு மூன்று விஷயம். மொத்தத்திலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் மிச்சம் சரியாக வராது. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும், 100 ஜிபியில் 5 ஜிபி. அது திருட்டல்ல. வட்டு நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய வேண்டுமே, அதற்காக. இரண்டாவது, இடம் நிறைய இருந்தும் இடமில்லை என்றால் மைனஸ் ஐ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட் வேண்டும், லட்சக்கணக்கில் துணுக்குக் கோப்புகள் சேர்ந்தால் அது தீர்ந்துவிடும். வகுப்பில் பெஞ்ச் காலி, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வரி இல்லை. மூன்றாவது, ஒரு கோப்பை அழித்த பிறகும் இடம் வரவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்த நிரலை மூடும் வரை இடம் திரும்பாது. டியூ ஒரு கணக்கும் டிஎஃப் வேறு கணக்கும் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வாட்ஸ்அப்பில் யாராவது 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' என்று தொடங்கும் வரியை அனுப்பி "இதைப் போடு, இடம் வந்துடும்" என்றால் போடாதீர்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தின் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரே தவறான சர்வரில் அதைப் போட்டு, ஏறக்குறைய 300 ஜிபி தரவுத்தளத்தில் 4.5 ஜிபி மிஞ்சியபோது நிறுத்தினார். ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவே இல்லை. குறிப்பாக வார் அடைவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். அதற்குள் இருக்கும் கேஷ் போகலாம், ஆனால் பக்கத்திலேயே லிப் அடைவுக்குள் எது நிறுவியிருக்கிறது என்ற பதிவேடே இருக்கிறது.

முத்தியால்பேட்டை லேப்டாப்பை நான் வாங்கிவந்து, விண்டோஸ் அறையில் ஒன்றும் எழுதாமல், ஃபோட்டோரெக் என்ற நிரலை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பழைய சுழலும் வட்டு என்பதால் படங்கள் நிறையத் திரும்பின. பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்திருக்கின்றன. கல்யாணப் பதிவு கிடைத்தது. பென்ஷன் புத்தகத்தின் பிடிஎஃப் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். டைம்ஷிஃப்ட் படங்களையும் பழைய பொதிகளையும் நீக்கியதில் ரூட்டில் 11 ஜிபி காலியானது. லேடெக்கில் அவளுக்கு வேண்டிய பகுதியை மட்டும் போட்டோம், ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இனி எனக்குப் போன் செய்கிறவர்கள் டிஎஃப் காட்டுவதைப் படம் எடுத்து முதலில் அனுப்புங்கள், பிறகு பேசலாம். லேப்டாப்பை நேரில் கொண்டுவருபவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். காப்பி எடுக்க ஒரு காலி ஹார்டுடிஸ்கோ பென்டிரைவோ கையோடு கொண்டுவாருங்கள், இல்லாமல் வந்தால் தொடமாட்டேன். சந்தை நாள், வண்டியை நேரு வீதிப் பக்கம் விடாதீர்கள்.