மறுவாழ்வு இல்லத்துக்கு யார் பணம் கட்டுவது?

உள்ளாட்சிகளிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டால் மக்களுக்கு நெருக்கமான சேவை தானாக வந்துவிடும் என்று, எங்கள் துறைக் கருத்தரங்கில் சென்ற வாரம் நண்பர் ஒருவர் வாதிட்டார். போதை சிகிச்சையையும் நகராட்சிகளிடமே விடலாம் என்றார். கொள்கையளவில் நானும் அந்தக் கட்சிதான். ஆயினும் இங்கிலாந்தின் அனுபவம் ஒரு விதிவிலக்கைக் கற்பிக்கிறது.

2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் முதல் மது, போதைப்பொருள் சிகிச்சைக்கான பொறுப்பு அங்கே ஏறத்தாழ 150 உள்ளாட்சி மன்றங்களிடம் சென்றது. மன்றம் தானே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதில்லை. தன் பகுதியின் தேவையை மதிப்பிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, தொண்டு நிறுவனத்திடமோ அரசு மருத்துவ அமைப்பிடமோ சேவையை வாங்கும். இதைத்தான் 'கமிஷனிங்' என்கிறார்கள். இதற்கான பொதுச் சுகாதார மானியம் அடுத்துவந்த ஆண்டுகளில் மெய்மதிப்பில் சுருங்கிற்று. மன்றங்கள் செய்தே தீர வேண்டும் என்று வகுக்கப்பட்ட பொதுச் சுகாதாரப் பணிகளின் பட்டியலில் போதை சிகிச்சை இல்லை. வெட்டு எங்கே விழும் என்று ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

தங்கிப் பெறும் சிகிச்சையின் நிலை இன்னும் மோசம். வெளிநோயாளர் சேவையைப் பகுதி முழுமைக்குமாக ஒப்பந்தம் செய்யும் மன்றம், இல்லத்தின் படுக்கையைப் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகத்தான் வாங்குகிறது. நோயாளி தாம் 'தயார்' என்று காட்ட வேண்டும். நிதிக்குழு கூடி இசைவு தர வேண்டும். ஹெராயினிலிருந்து நச்சுநீக்கம் முடித்தவரின் உடல், பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். இல்லத்தில் இடம் கிடைக்காமல் அவர் பழைய தெருவுக்கே திரும்பினால், முன்பு பழகிய அளவே உயிரைக் குடிக்கக்கூடும். குழுவின் அடுத்த கூட்டம் அடுத்த மாதம் என்பதை வெறும் அலுவலகத் தாமதமாக என்னால் எண்ண முடியவில்லை.

இல்லத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். படுக்கை காலியாகக் கிடந்தாலும் இரவுப் பணியாளருக்குச் சம்பளம் உண்டு, கட்டடத்துக்கு வாடகை உண்டு. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரை மட்டும் அனுப்பும் மன்றத்துக்கு அந்த இல்லத்தை உயிரோடு வைத்திருக்கும் கடமை கிடையாது. அத்தகைய மன்றங்கள் தனித்தனியே சிக்கனம் பிடிக்கும்போது, மூடுமாறு யாரும் ஆணையிடாமலே இல்லம் மூடப்படும். பொறுப்பேற்பாரும் இரார்.

டேம் கேரல் பிளாக் 2021இல் அளித்த அறிக்கை இதைக் கண்டுகொண்டது. உள்நோயாளர் நச்சுநீக்கத்தையும் மறுவாழ்வு இல்லங்களையும் மன்றங்கள் வட்டார அளவில் கூடி வாங்க வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பரில் அரசு மூன்றாண்டுகளுக்குச் சிகிச்சை, மீட்புப் பணிகளுக்கென 78 கோடி பவுண்டு அறிவித்தது. நல்லதே, ஆனால் மூன்றாண்டுப் பணத்தை நம்பி யாரும் புதிதாக இல்லம் கட்டமாட்டார்கள்.

எல்லோருக்கும் இல்லம் தேவை என்பதன்று என் வாதம். மெதடோனும் புப்ரனார்ஃபினும் வெளிநோயாளர் நிலையிலேயே பலரை உயிரோடு காக்கின்றன.

நம் நாட்டில் நிலைமை நேரெதிர். 74ஆம் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரம் நகராட்சிப் பணியாக இடம்பெற்றாலும், மறுவாழ்வு மையங்களுக்கான மானியம் தில்லியிலுள்ள சமூகநீதி அமைச்சகத்திலிருந்து தொண்டு நிறுவனங்களுக்குச் செல்கிறது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். தங்கிப் பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்தப் பற்றாக்குறையை நிரப்ப, ஆலோசனையையும் வெளிநோயாளர் சேவையையும் நகராட்சிகளிடம் கொடுக்கலாம். படுக்கைகளை மட்டும் சில மாவட்டங்கள் சேர்ந்த அமைப்போ மாநிலமோ நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும்; காலிப் படுக்கைக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டும். தணிக்கையாளர் அதை வீண்செலவு என்று குறிப்பார் என்பதை அறிவேன். அதற்கான விடையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது எப்படி என்பதைப் பொதுநிதி பயில்வோர் யாரேனும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.