கரையைக் காணாத சுற்றுலா

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் 'நான் சென்று வந்த சுற்றுலா' என்பது என்றும் மாறாத ஒன்று. விடியற்காலையில் எழுவர், பேருந்தில் ஏறுவர், வழியெங்கும் இயற்கை எழிலைக் கண்டு களிப்பர், நண்பகலில் உண்பர், மாலையில் களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் இல்லம் திரும்புவர். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊருக்கும் இக்கட்டுரை பொருந்தும். அப்படிப் பொருந்துவதே அதன் குறை. அக்குறை மாணவருடையதன்று, அவரை அழைத்துச் செல்லும் நம்முடையது.

கம்போங் மேடானை எடுத்துக்கொள்வோம். பழைய கிள்ளான் சாலையை அடுத்த இவ்வட்டாரத்தில், தோட்டங்களைவிட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின. 2001 மார்ச்சில் இங்கு நிகழ்ந்த வன்செயலில் அறுவர் மாண்டனர். பெரிதும் பாதிக்கப்பட்டோர் இந்தியரே. வெளியுலகம் இவ்வூரை அந்நிகழ்ச்சியைக் கொண்டே நினைவுகூர்கிறது. இங்கு வளரும் பிள்ளைக்குத் தன் குடும்பம் எங்கிருந்து வந்தது, இந்நாட்டுக்கு என்ன செய்தது என்று காட்ட ஓர் இடம் வேண்டும். அவ்விடம் தொலைவில் இல்லை. மேற்கே, கிள்ளான் கடற்கரையில், ஒரே நாளில் போய்த் திரும்பும் எல்லைக்குள் இருக்கிறது. நம் பேருந்துகளோ நீர்விளையாட்டுப் பூங்காக்களுக்கும் பேரங்காடிகளுக்குமே விரைகின்றன.

அக்கரை மணல் விரிந்த எழிற்கரை அன்று. சேறும் கண்டற்காடும் மண்டிய கரடுமுரடான கரை. கிள்ளான் துறைமுகத்தில் படகேறினால் பூலாவ் கெத்தாமை அடையலாம். அது அலைநீரின்மேல் கால்நாட்டி வீடு கட்டி வாழும் சீன மீனவர் ஊர். கார் ஓடாத ஊர். தெற்கே பூலாவ் இண்டா; முன்னாளில் பூலாவ் லுமுட் எனப்பட்ட அத்தீவில் இன்று பெருங்கப்பல்கள் வந்து அணைகின்றன. அதற்கும் தெற்கே, பாலத்தின்வழி சென்றடையலாம் கேரித் தீவை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குத் தோட்டம் போட்ட வேலன்டைன் கேரி என்னும் ஆங்கிலத் துரையின் பெயரே அத்தீவுக்கு நிலைத்துவிட்டது. அதன் நிலம் தாழ்ந்த சதுப்பு நிலம். ஓதம் ஏறுகையில் உப்புநீர் உட்புகாவண்ணம் மண்கரை எழுப்ப வேண்டும். உள்ளே தேங்கும் மழைநீரை வடிக்க வாய்க்கால் வெட்ட வேண்டும். ஓதம் வடியும் நேரம் பார்த்து மதகைத் திறக்க வேண்டும். கரை உடைந்தால் மண்ணில் உப்பேறும், மரம் பட்டுப்போகும். இத்தகைய நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோருள் தமிழர் பலர். தீவின் கிழக்கு, மேற்கு, தெற்குத் தோட்டங்களின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளே அதற்குச் சான்று. இன்று அங்கே செல்வோர் செம்பனை வரிசையைக் காண்கின்றனர். அவ்வரிசையைக் காக்கும் கரையைக் காண்பதில்லை.

துறைமுகத்தின் கதையும் இத்தகையதே. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்ட அது, மலேரியாக் காய்ச்சலால் முடங்கியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியச் செய்து நோயை அடக்கினார் என்று நூல்கள் கூறுகின்றன. அவருடைய புகழை நாம் மறுக்கவில்லை. ஆனால், கேரியின் பெயர் தீவில் இருக்கிறது. வாட்சனின் பெயர் நூலில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவன் பெயர் எங்கே இருக்கிறது?

அவன் வாய் திறவாதவனும் அல்லன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுடன், துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவை ஒழிக்கவும், கள்ளுக்கடையை மூடவும், பிள்ளைகளுக்குக் கல்வி தரவும் கேட்டனர். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். கள்ளுக்கடை வேண்டா, கல்வி வேண்டும் என்று கேட்டவரின் கொள்ளுப்பேரர்க்கு இவ்வரலாறு ஒரு சுற்றுலாக் கட்டுரையிலும் வாராமை பெருங்கேடு அன்றோ?

இத்தீவில் நமக்கு மூத்தோரும் உளர். சுங்கை பும்புன் சிற்றூரில் மா மெரிப் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். தம் முன்னோர் கதைகளைச் சதுப்புக்காட்டு மரத்தில் முகமூடிகளாகச் செதுக்குகின்றனர். முன்னோர்க்கென ஆண்டுதோறும் விழா எடுக்கின்றனர். அவர்களை வேடிக்கை பார்த்துப் படமெடுத்துத் திரும்புவது பண்பன்று. தோட்டம் விரிந்தது அவர்களின் வாழ்நிலத்தின்மீது என்பதையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். தம் உழைப்பின் பெருமையைக் கற்கும் பிள்ளை, பிறர் இழப்பையும் உடன் கற்பதே முழுக்கல்வி. முன்னோரை மறவாமை எப்படி என்பதை அவர்களிடமே கற்கலாம்.

"சேற்றையும் செம்பனையையும் பார்க்கப் பிள்ளைகள் விரும்புவரா?" என்பர் சிலர். பார்ப்பதற்கு என்ன உண்டு என்று ஆசிரியர் அறிந்திருந்தால் விரும்புவர். "தேர்வுக்கு உதவாதே" என்பர் வேறு சிலர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் அதனுடன் போயிற்று. "துன்பக் கதை எதற்கு?" என்பாரும் உளர். கடலைத் தடுத்துக் காத்தவர் கதை துன்பக் கதை மட்டுமா?

காலம் காத்திராது. 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' நாளிதழே 2019இல் நின்றுபோயிற்று. முதியோரின் நினைவு எத்தனை நாள் நிற்கும்? ஆசிரியப் பெருமக்களே, அடுத்த சுற்றுலாவில் மாணவர் கையில் ஓர் ஏடு கொடுங்கள். தோட்டத்து முதியவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: எந்த ஆண்டு கரை உடைந்தது? மதகைக் காத்தவர் யார்? எந்த லயத்தில் யார் இருந்தனர்? அவர் சொல்லும் பெயர்களைப் பிழையின்றி எழுதி வரட்டும். 'எழில்மிகு காட்சி' என்னும் தொடர் இல்லாமற்போனாலும் கட்டுரைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.